பதினொன்றாம் படுக்கை யாருக்கு?

அத்தியாயம் ஒன்பது

கடிதம் ஆறு நாளாக மேசை இழுப்பறையில் கிடந்தது. இன்று ஏழாவது நாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வேலையை விடுவதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. கடிதத்தை முதலில் வார்டு இன்சார்ஜிடம் கொடுக்க வேண்டும். இன்சார்ஜ் ஏழு நாளுக்குள் பேசிப் பார்த்து அவள் மனத்தை மாற்ற வேண்டும். மாறாவிட்டால் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, ஏன் போகிறாள் என்று கேட்கும் ஃபாரம் ஒன்றை நிரப்பி, மாலை நாலு மணிக்குப் போகும் தட்டில் வைக்க வேண்டும். தட்டு மேட்ரன் அறைக்குப் போய்ச் சேரும். கையெழுத்து இல்லாத கடிதம் செல்லாது. மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

இந்த வார்டின் இன்சார்ஜ் பெரியவள். கடிதம் எழுதியவள் சின்னவள். உடன்பிறந்தவர்கள். ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் ஒருத்தியும் மேல்தளத்தில் ஒருத்தியும் குடியிருக்கிறார்கள்.

போன வாரம் கவரை நீட்டும்போது சின்னவள் "மேடம்" என்றுதான் கூப்பிட்டாள். பெரியவள், "வீட்டுல பேசிக்கலாம்" என்றாள். வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசினார்கள். மாடிப்படி விளக்கு எரியாததைப் பற்றிப் பேசினார்கள். கவரைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

காலை ஏழு மணிக்குப் பொறுப்பு மாற்றம். இரவு நர்ஸ் ஒவ்வொரு படுக்கையாக நின்று சொல்லிக்கொண்டே வருவாள். பகல் நர்ஸ்கள் பின்னாலேயே நடப்பார்கள். காது அவள் சொல்வதைக் கேட்கும்போதே, கண் தனியாக டிரிப் எவ்வளவு வேகமாகச் சொட்டுகிறது, சிறுநீர்ப் பை எவ்வளவு நிறைந்திருக்கிறது, உதடு என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டு போகும்.

"பதினொண்ணு. மூச்சு விட்டு விட்டு வருது. டாக்டர் பாத்துட்டார். இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லேன்னுட்டார். மகள்கிட்டதான் இன்னும் யாரும் பேசல."

எல்லாத் தலைகளும் தாமாகச் சின்னவள் பக்கம் திரும்பின.

பெரியவள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்தாள். "ஒண்ணுல இருந்து எட்டு, புதுசா வந்த சிஸ்டர். பதினேழுல இருந்து இருபத்தி நாலு, கண்ணாடி சிஸ்டர். ஒன்பதுல இருந்து பதினாறு நீங்க பாத்துக்குங்க, சிஸ்டர்."

"சரி மேடம்," என்றாள் சின்னவள்.

வார்டில் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுப் படுக்கை. நடு வரிசை நர்ஸ் மேசைக்கு நேர் எதிரில் இருக்கிறது. எந்த நிமிஷமும் எழுந்து ஓட வேண்டி வரும் நோயாளிகளை அங்கேதான் போடுவார்கள், தலை நிமிர்ந்தாலே தெரிய வேண்டும் என்பதற்காக. தேறத் தேற ஜன்னல் வரிசைக்கு மாற்றுவார்கள். அங்கிருந்து வீடு. ஆகவே ஜன்னல் வரிசை நர்ஸுக்குக் காலை நேரத்தில் ஒரு சந்தோஷம் உண்டு. நேற்று வரை படுத்திருந்தவர் சட்டை மாட்டிக்கொண்டு, "வரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் தன் காலால் நடந்து போவார்.

நடு வரிசையில் அந்த வசதி இல்லை.

பதினொன்றாம் படுக்கையில் இருந்தவர் வயதான பஸ் கண்டக்டர். இரண்டு நாளாக நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. வரும்போதெல்லாம், "உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி நில்லுங்க" என்று கையை ஆட்டுவார். சின்னவளும் ஒரு அடி தள்ளி நின்று, "தள்ளிட்டேன் சார்" என்பாள். உடனே அமைதியாகிவிடுவார்.

அவருடைய மகளிடம் பேச, சின்னவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்லக் கூடாது. கேட்பவரின் கண்ணும் சொல்பவரின் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். "சீரியஸா இருக்கு" என்றும் சொல்லக் கூடாது. அந்த வார்த்தையைக் கேட்டவர்கள், சீரியஸாக இருந்து பிழைத்து வந்த பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு குளித்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

"அப்பா இன்னைக்கே போயிடுவார்னு நினைக்கிறோம். எங்கேயும் போகாதீங்க. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு இருங்க."

சொன்ன பிறகு பேசக் கூடாது. அந்த மௌனத்தை நிரப்பத் தோன்றும், நிரப்பக் கூடாது. சின்னவள் நிரப்பவில்லை.

மகள் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு, "உங்களுக்கென்ன. தினமும் பாக்கறதுதானே," என்றாள்.

செய்தி கொண்டு வந்தவர் மேல்தான் முதல் அடி விழும். அதை வாங்கிக்கொள்வதும் வேலையில் ஒரு பகுதி என்று நியமன உத்தரவில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

பத்து மணிக்கு அவர் போனார்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை ஏறக்குறைய நாற்பது நிமிஷ வேலை. திரையை இழுத்து, கண்ணை மூடி, குழாய்களை எடுத்து, உடம்பைத் துடைத்து, கையில் பெயர்ச் சீட்டுக் கட்டி, காகிதங்களை எழுதி, மகளைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். பிறகு மெத்தையை மருந்து போட்டுத் துடைத்துப் புது விரிப்பு போட வேண்டும். பதினொன்றரைக்கு அதே படுக்கைக்கு அடுத்தவர் வந்துவிடுவார்.

பதினொன்றாம் படுக்கைக்கும் பன்னிரண்டாம் படுக்கைக்கும் நடுவில் நாலு எட்டு தூரம். அந்த நாலு எட்டுக்குள் முகம் மாறியாக வேண்டும்.

பன்னிரண்டில் இருந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர். கூப்பிடு மணியை ஹாரன் போல அழுத்துவதால் வார்டில் அவருக்கு 'ஹாரன் சார்' என்று பெயர்.

"ஒரு மணி நேரமா அமுக்கறேன். எந்த மகராசியும் திரும்பிப் பாக்கல. வேலை செய்யறீங்களா, திரைக்குப் பின்னாடி அரட்டை அடிக்கறீங்களா?"

பக்கத்துப் படுக்கையில் நடந்ததை நோயாளியிடம் சொல்லக் கூடாது என்பது விதி.

"சொல்லுங்க சார். என்ன வேணும்?"

"தலையணை உயரம் பத்தல."

சின்னவள் இன்னொரு தலையணை கொண்டு வந்து வைத்தாள். "இப்போ சரியா இருக்கா சார்?" என்று சிரித்தாள்.

"ம்ம். இப்படிச் சிரிச்சுக்கிட்டே செஞ்சா என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் ஹாரன் சார்.

மேசையில் உட்கார்ந்திருந்த பெரியவள் அதைக் கேட்டாள். எழுந்து போய் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. மருந்து அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

மதியம் விரிப்புத் துணி வண்டி வரவில்லை. ஏனென்று பெரியவள் பார்க்கப் போனால், சரக்கு லிஃப்டின் கதவு திறந்து கிடந்தது. கையில் ஸ்பேனரோடு குந்தியிருந்தவர் சின்னவளின் கணவர். இந்த ஆஸ்பத்திரி லிஃப்டுகளை மாதம் ஒரு முறை பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக்.

"அண்ணி, அங்கேயே நில்லுங்க. உள்ள பெட்டி இல்ல, வெறும் குழிதான்."

"எப்போ சரியாகும் தம்பி?"

"அரை மணி. எடைக் கருவியில கோளாறு. பத்து பேர் ஏறினா மணி அடிச்சு நிக்கணும். இது பதினாலு பேர் ஏறினாலும் பேசாம போயிட்டிருக்கு. அதான் அண்ணி ஆபத்து. மணி அடிக்கிற லிஃப்ட் நல்ல லிஃப்ட். அடிக்காத லிஃப்டுதான்..."

"எதைப் பேச வந்தாலும் லிஃப்டுல ஏறித்தான் வருவீங்களா?"

"சரி, இறங்கிட்டேன்." அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அவ கடிதத்துல கையெழுத்துப் போட்டுடுங்க."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. "நீங்களுமா? இந்த வருஷம் நாலு பேர் போயாச்சு தம்பி. பதினொரு பேர் இருந்த வார்டுல ஏழு பேர்தான் இருக்காங்க. இவ போனா ஆறு. ஆறு பேரைப் போட்டுப் பிழிஞ்சா அதுல இன்னும் ரெண்டு ஓடும். நான் எப்படி வார்டை ஓட்டறது?"

"அது ஆஸ்பத்திரிக் கவலை. நான் என் பொண்டாட்டியைப் பத்திப் பேசறேன். வீட்டுக்கு வந்ததும் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு முக்கால் மணி நேரம் நிக்கறா. கேட்டா முகம் கழுவறாளாம். முந்தாநாள் எனக்குச் சாப்பாடு வெச்சுட்டு, 'வலி எதுவும் இருக்கா சார்'னு கேட்டா அண்ணி. என்னை! ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே எழுந்து போயிட்டா. அப்புறம் அன்னைக்குப் பேசவே இல்ல."

அவர் ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தார்.

"நடு வரிசை எப்பவும் அவளுக்குத்தானாமே?"

"யார் சொன்னது? தங்கச்சியாச்சேன்னு நான் ஒரு நாள்கூட அவளுக்குச் சலுகை காட்டினதில்ல!"

"காட்டினீங்கன்னு நான் சொல்லலையே அண்ணி."

அவர் மறுபடி குழிக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பெரியவள் துணி வண்டியை மறந்து திரும்பி நடந்தாள்.

வார்டில் நீல அட்டை போட்ட நோட்டுகள் உண்டு. எந்த நாள், எந்த ஷிஃப்ட், யாருக்கு எந்த வரிசை என்று இன்சார்ஜ் எழுதி வைப்பது அதில்தான். இறந்தவர்களின் பெயர், நேரம், படுக்கை எண் எல்லாம் இன்னொரு பதிவேட்டில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவை வந்ததில்லை.

பெரியவள் இன்று வைத்துப் பார்த்தாள். தான் இன்சார்ஜ் ஆன நாளிலிருந்து எட்டு மாதம். இரவு ஷிஃப்டில் ஒரே நர்ஸ்தான், யாருக்கு எது என்று தேர்ந்தெடுக்க அங்கே வழியில்லை. அதனால் அவற்றை ஒதுக்கிவிட்டாள். பகலில் நடந்த மரணங்கள், காலையில் போன கண்டக்டரையும் சேர்த்து, முப்பத்திரண்டு. ஏழு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாலு அல்லது ஐந்து வர வேண்டும்.

சின்னவள் பெயருக்கு நேரே இருபது இருந்தது.

தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடி எண்ணினாள். இருபதுதான்.

எப்படி ஆரம்பித்தது என்பதும் நினைவுக்கு வந்தது. இன்சார்ஜ் ஆன முதல் வாரம். சின்னவளுக்கு ஜன்னல் வரிசை போட்டிருந்தாள். கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸ் விளையாட்டாக, "இனிமே தங்கச்சிக்கு ஜன்னலோர சீட்டுதான்" என்றாள். வார்டே சிரித்தது. பெரியவளும் சிரித்தாள். மறுநாள் நோட்டில் சின்னவளை நடு வரிசைக்கு மாற்றி எழுதினாள். அப்புறம் கை பழகிவிட்டது. சின்னவள் நன்றாகவும் செய்தாள். உறவினர்கள் அவளைத்தான் தேடினார்கள். முக்கியமாக, அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மற்ற நர்ஸ்களைத் தொடர்ந்து மூன்று நாள் நடு வரிசையில் போட்டால் நாலாம் நாள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

ஒருத்திக்கு அநியாயம் செய்துதான் எட்டு மாதமாக நியாயமான இன்சார்ஜ் என்று பெயர் வாங்கியிருக்கிறாள்.

இரண்டரை மணிக்கு மேட்ரன் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசை மேல் பெரிய போஸ்டர் ஒன்று விரித்துக் கிடந்தது. அதில் நாலு நர்ஸ்கள் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'நம் நர்ஸ்கள், நம் குடும்பம்.'

"எப்படி இருக்கு?" என்றார் மேட்ரன். "ஆள் வேணும்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது. ஆள் தர மாட்டாங்களாம். போஸ்டர் தருவாங்களாம். வார்டுக்கு ரெண்டு ஒட்டணும்."

"மேடம், அந்தக் கடிதம்..."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். கடிதம் வரலேன்னாலும் சேதி வந்துடுச்சு. உங்க வார்டுல இது அஞ்சாவது. அதுவும் சொந்தத் தங்கச்சி. நான் மேல என்னன்னு சொல்லுவேன்? சரி, ஃபாரத்துல குழந்தை வளர்ப்புன்னு ஒரு டிக் போட்டுக் குடுங்க."

"அவளுக்குக் குழந்தை இல்ல மேடம்."

"இனிமே பிறக்காதா?"

ஃபாரத்தில் ஏழு கட்டம். திருமணம், கணவரின் இடமாற்றம், மேற்படிப்பு, வெளிநாட்டு வேலை, உடல்நிலை, குழந்தை வளர்ப்பு, ஓய்வு. அடியில் 'மற்றவை' என்று ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. கட்டங்களை நன்றாகப் பார்த்தால் ஒன்று தெரியும். ஏழில் எதற்கும் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை.

"மற்றவையில எதையாவது எழுதி வைக்காதீங்க," என்றார் மேட்ரன், அவள் கண் போன இடத்தைப் பார்த்து. "எழுதினா விசாரணைன்னு வரும். முதல்ல உங்களைத்தான் நிறுத்தி வெச்சுக் கேப்பாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

பெரியவள் வார்டுக்கு வந்தாள். கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஃபாரத்தில் ஒரு கட்டத்தையும் தொடவில்லை. கோடு போதாது என்பதால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்.

'எட்டு மாதத்தில் பகல் நேரத்தில் இறந்த முப்பத்திரண்டு பேரில் இருபது பேரை இந்த நர்ஸ்தான் கடைசி வரை பார்த்துக்கொண்டார். படுக்கைகளைப் பங்கிட்டது நான். சலுகை என்று யாரும் பேசக் கூடாது என்பதற்காகக் கடினமானதையெல்லாம் என் தங்கைக்குக் கொடுத்தேன். பதினொரு பேர் செய்ய வேண்டிய வேலையை ஏழு பேர் செய்கிறார்கள். அதனால் யாராவது ஒருவர் தலையில் இது விழுந்தே தீரும். அவர் போவதற்குக் காரணம் இது.'

நாலு மணிக்கு ஆயா வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சின்னவளின் ஷிஃப்ட் இரண்டு மணிக்கே முடிந்திருக்க வேண்டும். மாலைக்கு வர வேண்டியவர்களில் ஒருத்தி வரவில்லை. அதனால் இன்னும் விரிப்புகளை மடித்துக்கொண்டு துணி அறையில் இருந்தாள். பெரியவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

சின்னவளின் கை நின்றது. "போட்டுட்டியா?"

"நீ கேட்டதுதானே?"

"கேட்டேன்தான். ஏழு நாள் டைம் இருக்கே, ஒரு வார்த்தை 'போகாதேடி'ன்னு சொன்னியா? மாடிப்படி லைட்டைப் பத்தி மட்டும் மூணு நாள் பேசினே!"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?" பெரியவள் நோட்டை நீட்டினாள். "இன்னைக்குத்தான் எண்ணிப் பாத்தேன். இருபது."

சின்னவள் நோட்டை வாங்கவில்லை. "எண்ணி என்ன பண்ணப் போறே?"

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? மேடம்கிட்ட சொன்னா, அக்காங்கற தைரியத்துல பேசறேன்னு வார்டு சொல்லும். வீட்டுல அக்காகிட்ட சொன்னா, நீ மேடமா மாறிடுவே." அவள் ஒரு விரிப்பை மடித்து, மடிப்பு சரியாக வராமல் உதறினாள். "செத்துப் போறவங்களைப் பாத்துக்க என்னால முடியும் அக்கா. அது கஷ்டம்தான், ஆனா முடியும். எட்டு மாசமா ஒருத்தரையாவது வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கேனா? ஒருத்தராவது என்கிட்ட 'வரேன் சிஸ்டர்'னு சொல்லிட்டுப் போயிருக்காங்களா? இங்க யாரும் பிழைக்கிறாங்களான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

"நாளையில இருந்து ஜன்னல் வரிசை உனக்கு."

"அப்போ பதினொண்ணு யாருக்கு? கண்ணாடிக்கா? அவங்க அப்பா போய் மூணு வாரம்தான் ஆகுது. புதுசா வந்தவளுக்கா? ஊசி போடவே அவளுக்கு இன்னும் கை நடுங்குது. சொல்லேன், யாருக்குக் குடுப்பே?"

பெரியவள் வார்டில் இருக்கும் ஏழு முகங்களையும் மனத்துக்குள் ஒருமுறை பார்த்துவிட்டாள். எட்டாவது முகம் இல்லை.

"ஃபாரத்துல என்னன்னு எழுதினே?" என்று கேட்டாள் சின்னவள்.

சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா? உன் நாற்காலி போயிடும்!"

"போகட்டும்."

"போகட்டுமா? ஏழு வருஷம் காத்துக்கிட்டிருந்து வாங்கினது!"

கதவு தட்டப்பட்டது. கண்ணாடி எட்டிப் பார்த்தாள். "சிஸ்டர், மேட்ரன் லைன்ல இருக்காங்க." பெரியவள் நகர்ந்தாள். "உங்களை இல்ல சிஸ்டர். சின்ன சிஸ்டரைக் கேக்கறாங்க."

மேட்ரனின் குரல் ரிசீவரை மீறி மேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"உங்க அக்கா எழுதினதைப் படிச்சேன். இது உண்மைன்னு நீ சொன்னா நான் மேல அனுப்பியாகணும். அனுப்பினா அவங்க அந்த இடத்துல இருக்க முடியாது. இல்லேன்னு சொல்லு, இப்பவே கிழிச்சுப் போட்டுட்டு வேற ஃபாரம் அனுப்பறேன். நிதானமா யோசிச்சுச் சொல்லு."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். பெரியவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. தலையை இப்படியும் அசைக்கவில்லை, அப்படியும் அசைக்கவில்லை.

"அதுல ஒரு தப்பு இருக்கு மேடம்."

மேட்ரன் பெருமூச்சு விட்டது கேட்டது. "அதானே பாத்தேன். சொல்லு."

"இருபது இல்ல மேடம். இருபத்திரண்டு. ரெண்டு பேர் பக்கத்து வார்டுல. அங்க ஆள் இல்லேன்னு என்னை அனுப்பினாங்க, அதனால எங்க நோட்டுல ஏறல. அன்னைக்கு அனுப்பினது எங்க அக்கா இல்ல மேடம். நீங்க."

கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் மேல வாங்க," என்றார் மேட்ரன் கடைசியில். "இப்பவே."

"வரோம் மேடம்," என்றாள் சின்னவள். "பதினொண்ணுக்கு மருந்து நேரம் ஆச்சு. குடுத்துட்டு வரோம்."